தரிசு

கேபார் கால்வாயில் நாணல் அறுக்கும்போது
மேற்கிலிருந்து வந்த கழுதை வணிகன் சொன்னான்:
பெத்சூர் மேட்டில் ஒரு வயல் பார்த்தேன்,
வரப்போரம் இரண்டாய்ப் பிளந்த செக்குக்கல்.

எங்கள் வயல்தான்.
செக்கைப் பிளந்தது பாபிலோன் படை என்று
அவன் நினைத்துக்கொண்டான்.
என் புருஷன் எல்னாத்தான்
திராட்சரசம் முற்றிய ஒரு ராத்திரி
மேட்டிலிருந்து உருட்டிவிட்டது அது.
நான் திருத்தவில்லை.

என்ன விளைந்திருக்கிறது என்றேன்.
ஒன்றுமில்லை, முள்.
இடுப்பளவு காட்டுக்கடுகு.
முயல் குட்டி போட்டிருக்கிறது.
ஆனால் மண், என்று நிறுத்தினான்,
கம்பை ஊன்றினேன், ஒரு முழம் இறங்கிற்று.

ஆறு வருஷம் விதை, ஏழாம் வருஷம் விட்டுவிடு.
எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள்.
நாங்கள் யாரையும் கொல்லவில்லை.
மேட்டுச் சிலைக்குத் தூபம் காட்டியது பக்கத்து வீட்டார்.
நாங்கள் உழுதோம், அவ்வளவுதான்.
முதல் ஏழில் எண்ணெய்க்காரனுக்குக் கடன்.
இரண்டாம் ஏழில் நல்ல மழை,
நல்ல மழையை யாராவது வீணாக்குவார்களா?
மூன்றாம் ஏழில் காரணமே வேண்டியிருக்கவில்லை,
காளைகள் தாமே வந்து
நுகத்தடியில் கழுத்தை நீட்டின.

வானம் இடிந்து விழவில்லை.
கோதுமை மணி பிடித்தது.
ஆசாரியன் தசமபாகத்தை அளந்து வாங்கினான்,
எந்த வருஷத்துத் தானியம் என்று கேட்கவில்லை.
கர்த்தருக்கு மறந்துபோயிற்று என்று
எல்னாத்தான் சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
காலடியில் நிலம்
பேசாமல் விரல் மடக்கிக்கொண்டிருந்தது.

பிறகொரு கோடையில் சங்கிலி வந்தது.
ஆமாத் சாலையில் எல்னாத்தான் விழுந்தான்.
கலப்பை படாத இடமாய்ப் பார்த்து
மூடிவிட்டு நடந்தோம்.

இங்கே ஓய்வுநாள் கேட்டால்
கால்வாய் மேஸ்திரி பல்லைக் காட்டுவான்.
ஈரக் களிமண் பலகையில் என் பேருக்கு நேரே
தினம் ஒரு ஆப்புக் குறி, ஒரு நாளும் விடுபடாமல்.
தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச
உப்புப் பூத்து வெளுக்கும் வயல்.
இந்த மண்ணும் களைத்திருக்கிறது.
யாரிடம் போய்ச் சொல்லும்?

ராத்திரி இடுப்பு வலியில் புரளும்போது
அங்கே அது தூங்குவதை நினைக்கிறேன்.
நாங்கள் கொடுக்காத வருஷங்களை
ஒன்றொன்றாய் எடுத்துப் போர்த்துக்கொண்டு.
எங்களைத் தேடவில்லை.
வயிற்றெரிச்சலாய் இருக்கிறது, சொன்னால் என்ன.

வணிகன் சேணத்தின் மடிப்பைத் தட்டி
காய்ந்த மண்கட்டி ஒன்றை எடுத்தான்.
அன்றிரவு அங்கேதான் படுத்தேன் என்றான்.
பொய்யாகவும் இருக்கலாம்,
இரண்டு வெங்காயம் வாங்கிக்கொண்டான்.

உள்ளங்கையில் வைத்து உமிழ்நீரால் நனைத்தேன்.
கறுத்தது. மணந்தது.
கேட்காமலே என் ஆள்காட்டி விரல்
அதன் நடுவில்
விதைக்கு ஒரு குழி தோண்டத் தொடங்கியிருந்தது.

மறு கையால் அந்த விரலைப்
பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்
மேஸ்திரி கூப்பிடும்வரை.