கேள்வி எண் பதினேழு

பல்கலைக்கழகத்தார் தந்த அட்டையில்
என் பெயருக்குக் கீழே
சமூக ஆய்வாளர் என்றிருக்கிறது.
படம் எடுத்த அன்று
புருவத்தில் சங்கரா மீன் செதில் ஒன்று
ஒட்டியிருந்தது.
அதுவும் பதிவாகிவிட்டது.

சோனாங்குப்பத்தில் அறுபது வீடு
எனக்கும் ஷாஹிராவுக்கும்.
முதுகலை, இரண்டாம் வருஷம் அவள்.
கைக்கணினி அவள் கையில்,
தெருநாய்கள் என் பொறுப்பு.

சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா,
வீட்டில் பீடி குடிப்பவர் யார்,
கடைசியாகக் காய்ச்சல் எப்போது:
வலையை உதறினால் நெத்திலி உதிர்வதுபோல்
விழுந்துகொண்டே இருந்தன பதில்கள்.

பதினேழாவது கேள்வி.
ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள்?

"ஒன்னு" என்றாள் அஞ்சலாட்சி.
"வாய் கொப்புளிக்கிறதோட சரி" என்றாள் செங்கேணி.
தில்லைக்கரசி எதிர்க்கேள்வி போட்டாள்:
"யாவாரத்துக்குப் போற நாளா, போவாத நாளா?"
கைக்கணினியில் அதற்குக் கட்டம் இல்லை.

குடிநீர்ப் பற்றாக்குறை
என்று குறித்துக்கொண்டாள் ஷாஹிரா.

நான் சிரித்திருக்கக் கூடாது.

"கொழாயில டாண்ணு தண்ணி வருது கண்ணு.
எங்களுக்குப் பஞ்சம்
உள்ள போறதுக்கு இல்ல,
வெளிய போறதுக்கு."

விடியக்காலம் மூன்று மணிக்குத் துறைமுகம்.
அங்கே கழிப்பறை உண்டு, பூட்டு உண்டு,
சாவியைப் பற்றி ஆளுக்கொரு கதை உண்டு.
ஏழு மணிக்கு நெல்லிக்குப்பம் பஸ்,
கூடை இறங்கும்வரை கண்டக்டரின் மூக்கு.
பிறகு வெயில், தராசு, ஈ.
மதியம் இரண்டரை வரை
அடிவயிற்றுக்கு ஒரே உத்தரவு:
பொறு.

இருபத்திரண்டு வருஷம் பொறுத்ததில்
நான் சேர்த்தது இரண்டு கல்.
ஸ்கேன் பார்த்த டாக்டர்
நல்ல மனுஷர்.
"தண்ணி நெறைய குடிங்கம்மா" என்றார்.

அவள் பதில் சொல்லவில்லை.
குறித்ததை அழித்தாள்.
அப்போதுதான் பார்த்தேன்,
அவள் பையில் இருந்த பாட்டில்
காலையில் புதுச்சேரியில் பஸ் ஏறியபோது
எப்படி நிறைந்திருந்ததோ
அப்படியே.

"நீயுமா?" என்றேன்.
"ஃபீல்டு இருக்கிற நாள்ல மட்டும், அக்கா."

முதலில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன்.
கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை;
வெளியே நின்று பிடித்துக்கொண்டேன்.
வந்தவள் இரண்டு சொம்பு குடித்தாள்.

அடுத்த மாதம் வலைக்கூடத்தில் கூட்டம்.
சர்க்கரை நோய்க்கு வண்ணப்படம் செய்து
கொண்டுவந்திருந்தார்கள்,
பாவம், அழகான படம்.
அதைத் திருப்பிப் போட்டுப்
பின்பக்க வெள்ளையில் எழுதினார் பேராசிரியர் அருட்செல்வி.
பதினேழு, அ: குடிக்காவிட்டால், ஏன்?
நாற்பது பெண்கள் ஒரே நேரத்தில் பேசினோம்.
அவர் எழுதுகோலை மூடிவிட்டு உட்கார்ந்தார்.

பதினெட்டாவது கேள்வி என்னுடையது:
சாவி யாரிடம் இருக்கிறது?

கடைசி நாற்காலியிலிருந்த துறைமுக அலுவலர்
குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.