பொருமல்

ஒட்டுசுட்டான் சித்த மருந்தகத்தில்
மருந்து நிறுத்துக் கொடுப்பவள் நான்.
திங்கள் எட்டு மணிக்கே வாங்கு நிறைந்துவிடும்.
எல்லாம் பெண்கள். எல்லாம் வயிறு.

"ஊதிப்போய்க் கிடக்குது மிஸ்."
"கல்லு வைச்ச மாதிரி."
"சாப்பிடாமலே ஏப்பம் வருது."
சொல்தான் வேறு வேறு, கை வைக்கிற இடம் ஒன்று,
தொப்புளுக்கு நாலு விரல் மேலே.
வைத்தியர் சிவகௌரி துண்டில் எழுதுவதும் ஒன்று:
அட்ட சூரணம்.

வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி,
ஓமம், நற்சீரகம், கருஞ்சீரகம்,
இந்துப்பு, நெய்யில் பொரித்த பெருங்காயம்.
டப்பாவைத் திறந்தால்
பெருங்காயம் முதலில் வாசல்வரை போய்விடும்.
மற்ற ஏழும் சோம்பல் முறித்துப் பின்னால் வரும்.

"முதல் பிடி சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து"
என்று தொடங்கினால் வாங்கில் யாராவது சிரிப்பார்கள்.
"நெய்யோ?"
சரி, மோரில்.
"மோரோ?"
சரி, சுடுதண்ணியில்.
அந்த முதல் பிடி எத்தனை மணிக்கு என்று
நான் கேட்பதில்லை.
துண்டிலும் அதற்குக் கட்டமில்லை.

செவ்வாய், கிழமைக்காசு நாள்.
தவராணி கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் குந்துவாள்.
அவளுடைய சின்னவன் படலைக்குள் நின்று
"அம்மா முல்லைத்தீவுக்குப் போட்டா" என்று
பாடமாக்கியதை ஒப்புவிப்பான்.
வயிற்றுக்கு இது ஞாயிறே தெரிந்துவிடும்.
திங்கள் என்னிடம் வரும்.

மாசியில் ஒரு திங்கள்
வேம்புக்குக் கீழே மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது.
அந்தச் சத்தத்தை அறியாத காது அங்கே இல்லை.
ஒருத்தி பின்கதவைப் பார்த்தாள்.
ஒருத்தி பேர்சை மடிக்குள் தள்ளினாள்.
தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி
லோன் பொடியன் நிதர்சன்.
வாங்கின் நுனியில் இருந்தான்,
பாதி உடம்பு காற்றில்.

அவன் உள்ளே சொன்னது
பலகைத் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது:
விடியப் பிளேன்ரீ.
மத்தியானம் ஒரு றோல்ஸ், கிடைத்தால்.
கணக்கு முட்டாத நாளில்
மனேச்சர் இராப் பதினொன்றுக்கும் போன் எடுப்பார்.
ஊதிப்போய்க் கிடக்குது டொக்டர்.
கல்லு வைச்ச மாதிரி.

துண்டு என்னிடம் வந்தது. ஐம்பது கிராம்.
ஒரு சிட்டிகை குறைத்தால் என்ன என்று விரல் நினைத்தது.
குறைக்கவில்லை.
கூட்டவுமில்லை.

"போத்தல் கொண்டு வந்தனீங்களோ?"
சுவரில் பெரிதாக எழுதித்தான் இருக்கிறது.
அவன் பையைத் துழாவினான்:
பற்றுச்சீட்டுப் புத்தகம், மழைக்கோட்டு,
இன்னொரு பற்றுச்சீட்டுப் புத்தகம்.

தவராணி எழும்பினாள்.
கழுவிக் காயவைத்த ஜாம் போத்தல்,
மூடியில் கொஞ்சம் துரு.
மேசையில் வைத்தாள்.
"கடன்தான் தம்பி. வாற திங்கள் திருப்பித் தரவேணும்.
பிந்தினால்..."
வாங்கை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.
"பிந்தினால் வீட்டுக்கு வருவன்."

முதலில் புஸ்பகாந்திதான் வெடித்தாள்.
பிறகு வாங்கே குலுங்கியது.
அவனும் சிரித்தானோ,
பெருங்காயம்தான் மூக்கில் ஏறியதோ,
கண் கலங்கியிருந்தது.

நான் சிரிக்கவில்லை.
அவன் கொப்பியில் பதினோராம் பக்கம் என்னுடையது.
மூடியை இறுக்கிக் கொடுத்து
"முதல் பிடி சோற்றில்" என்றேன்.
"எத்தனை மணிக்கு மிஸ்?" என்றான்,
உண்மையாகவே தெரியாதவன்.

மறுநாள் செவ்வாய்.
இது தவராணி சொல்லித் தெரிந்தது.
படலையில் சின்னவன் முல்லைத்தீவு வரைக்கும் சொல்லி முடிக்கவில்லை,
கூட்டுக்குப் பின்னால் அவளுக்கு ஏப்பம் வந்துவிட்டது.
பெருங்காய ஏப்பம். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.
படலைக்கு வெளியிலும் அதே நேரம் ஒன்று.

கோழிகள் கொஞ்சநேரம் பேசாமல் நின்றனவாம்.
அவன் நிலுவையில் அவள் பெயரை எழுதி
சீட்டைக் கிழித்துப் பிள்ளையிடம் நீட்டினான்.
வண்டியை உதைத்துவிட்டுச் சொன்னான்:
"அம்மா வந்தால்,
போத்தல் திங்கள் வருமெண்டு சொல்லு."