இடுகுறிப்பெயர்

மான்டேவிடியோ. ஜூன் மாதக் குளிர்.
ஆற்றுக் காற்றில் ஜன்னல் அடித்துக்கொள்ளும்
இரண்டாம் மாடி நீதிமன்ற அறை.
பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்வது என் வேலை.
காலையிலிருந்து நாற்பத்தொரு முறை அடித்துவிட்டேன்:
ஃப்ளோராவியம் டிராங்குலிஸ்.
நாற்பத்தொன்றாவது தடவைதான்
விரல் இடறாமல் வந்தது.

அது ஒரு கிருமியின் பெயர்.
கிருமியின் பெயர் மாதிரி ஒன்று.
எல் ஓம்பு நிறுவனத்தின் தயிர்க் கோப்பையில்
சாய்ந்த எழுத்தில் நிற்கிறது,
இப்போதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து
கை கழுவிவிட்டு வந்ததைப் போல.
பக்கத்தில் ஒரு வயிறு, வயிற்றுக்குள் அம்புக்குறி,
அம்பின் முனையில் சூரியன்.
மூடியில் ஓம்பு மரம்.
(ஓம்பு மரமே அல்ல என்பார்கள் எங்கள் ஊரில்,
வைரம் பாயாத பெருஞ்செடி.
வழக்குக்கு இது சம்பந்தமில்லை, பதிவிலும் இல்லை.)

எதிரி, சான் ஹெராசிமோ பண்ணை.
அவர்கள் தயிரில் குடியிருப்பது ஃப்ளூராவியா டிராங்குலா.
"வாலை விட்டுவிட்டு ஓடினாலும்
பல்லி அதே பல்லிதான்" என்றார்
ஓம்பு தரப்பு வழக்கறிஞர் இத்துர்பிதே.
அவையில் சிரிப்பு.
'சிரிப்பு' என்று அடித்தேன்.

பண்ணைக்காக எழுந்தவள் சின்னப் பெண்.
கோட்டின் கையில் காப்பிக் கறை.
"குதிரையைக் குதிரை என்று சொல்ல
யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
இது கிருமியின் பெயரென்றால்
கிருமி வளர்க்கிற எல்லோருக்கும் பொது.
கிருமியின் பெயர்தானே?"

இத்துர்பிதே கண்ணாடியைக் கழற்றினார்.
துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
"மாண்புமிகு நீதிபதி அவர்களே,
அந்தச் சொல்லுக்குப் பொருள் எதுவும் இல்லை.
விளம்பரப் பிரிவின் அனிபால் என்பவர்
பல் மருத்துவருக்காகக் காத்திருந்தபோது
கன்னத்தைப் பிடித்தபடி இட்ட பெயர்.
எந்த அகராதியிலும் கிடையாது.
எந்த நுண்ணோக்கியும் கண்டதில்லை.
ஆகவே எங்களுடையது."

இலத்தீன் ஆசிரியை பெனிக்னா அரோசெனாவைக் கேட்டார்கள்.
"இலத்தீன் வீட்டுக் கல்யாணத்தில்
அழைக்காமல் நுழைந்த ஆள்.
சட்டை நன்றாக இருந்ததால்
யாரும் மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்று கேட்கவில்லை."

பிறகு ஆய்வகத்திலிருந்து நெலிடா எச்செகோயென்.
கூண்டில் நிற்கக் கூச்சப்பட்டாள்.
கிருமி உண்டா?
"உண்டு. ஒன்பது வருடமாக நான்தான்
பால் கொடுத்து வளர்க்கிறேன்.
நாங்கள் அதை நானூற்றுப் பதினேழு என்போம்."
நானூற்றுப் பதினேழு வயிற்றுக்கு என்ன செய்யும்?
அவள் யோசித்தாள்.
"பாலைத் தயிராக்கும்."
வேறு?
ஜன்னல் ஒருமுறை அடித்தது.
அதை அடிப்பதா என்று தெரியாமல்
விரலை எடுத்துவிட்டேன்.

மூன்றாம் வாரம் தீர்ப்பு.
பொருளின்மை ஐயத்துக்கிடமின்றி நிரூபணமானது;
சொல் எல் ஓம்புவுக்கே உரியது.
படிக்கட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.
கோப்பையின் மேல் காரணப்பெயர்,
கூண்டுக்குள் இடுகுறிப்பெயர்,
இரண்டு வேலைக்கும் ஒரே சம்பளம்.
அந்தச் சம்பளத்தில்
மூன்று வருடமாக என் பங்கும் உண்டு:
கோப்பைக்குப் பதினெட்டு பெசோ கூடுதல்.

அன்று மாலை கடையில்,
குளிர்பெட்டியின் வெளிச்சத்தில் ஒரு மனிதர்
கோப்பையை மூக்கருகே பிடித்து
உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.
மெக்கானிக் போலிருந்தது, நகத்தில் கிரீஸ்.
"இதை எப்படிம்மா சொல்றது?"

சொல்லியிருக்கலாம், நானூற்றுப் பதினேழு என்று.
சொல்லியிருக்கலாம், தயிர் என்று.
மூன்று வாரமாக அடித்து அடித்துப் பழகிய நாக்கு
முந்திக்கொண்டது.
ஃப்ளோராவியம் டிராங்குலிஸ்.
ஒரு இடறல் இல்லை.

அவர் முகம் தெளிந்தது.
"அப்ப நல்லதாத்தான் இருக்கும்" என்று
இரண்டை எடுத்துக் கூடையில் வைத்தார்.
நானும் ஒன்று.