டிகிரி

சூட்டுக்கும் டிகிரி, கோணத்துக்கும் டிகிரி.
என் குறிப்பேட்டில் இரண்டு பத்திகள்.
முதலாவது ஏற ஏற இரண்டாவது இறங்க வேண்டும்
என்பதே பட்டறையின் இந்த மாதத்து வேண்டுதல்.

எல்கோய்பாரில் மழை பெய்வதில்லை,
காற்றில் தொங்குகிறது.
ஷிரிமிரி என்போம்.
நனைந்திருப்பது உள்ளே வந்த பிறகே தெரியும்.
அந்த ஈரத் தலையோடு
கையுறை மாட்டுகிறாள் ஒயானா.

தகடு ஒன்றரை மில்லி கனம்.
கார்க் கதவின் வயிற்றுக்குள்
மோதுகிற நாள் வரைக்கும்
யார் கண்ணிலும் படாமல் கிடக்கப்போகும் எஃகு.

முதலில் பச்சையாக, சூடு காட்டாமல்.
அச்சு இறங்கியது. தொண்ணூறு என்று கடித்தது.
ஏறியது.
தகடு ஒரு மூச்சு விட்டது:
தொண்ணூற்றேழு.

பிடி இருக்கும்வரை தலையாட்டிவிட்டு
பிடி விட்டதும்
தான் தட்டையாக இருந்த திசைக்கு
ஏழு டிகிரி திரும்பிப் பார்த்தது.

"எண்பத்து மூன்றுக்கு வளை,
திறந்து தானாகத் தொண்ணூறில் வந்து நிற்கும்."
ஹொசேபா முப்பது வருடமாக
பொய்யை முன்பணமாகக் கொடுத்து
உண்மையை வாங்கியவர்.
ஆனால் இப்போது வரும் எஃகு
ஒரு சுருளில் ஐந்து திறக்கிறது,
அடுத்த சுருளில் ஒன்பது.
ஒரே ஆலை, ஒரே முத்திரை,
சுருளுக்குச் சுருள் வேறு பிடிவாதம்.

ஆகவே உலை.

இருநூறு: தொண்ணூற்று ஆறரை.
"குளிர்காய வந்திருக்கிறார் துரை" என்றாள் ஒயானா.
நானூறு: தொண்ணூற்று நான்கு,
மேலே மயில்கழுத்து நீலம் ஓடி மங்கியிருந்தது.
அறுநூறு: தொண்ணூற்று ஒன்றரை.
ஹொசேபா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
கோணமானியைத் தானே வாங்கி வைத்துப் பார்த்தார்.

தொள்ளாயிரம்.
கிடுக்கியில் ஒரு அந்தி தொங்கிக்கொண்டு வந்தது.
அச்சின் உடலுக்குள் குளிர்நீர் ஓட,
மூடியதை மூடியபடியே
பன்னிரண்டு நொடி வைத்திருந்தோம்.
திறந்தோம்.
தொண்ணூறு.
மறுபடி வைத்தேன். தொண்ணூறு.

பில்பாவோவில் டிகிரி வாங்கிய பொறியாளர்
(அது மூன்றாவது டிகிரி, அதற்கு என்னிடம் பத்தியில்லை)
சொன்னார்:
"சூட்டில் எஃகின் எதிர்ப்பு சரிந்துவிடும்.
எதிர்ப்பு எவ்வளவோ அவ்வளவுதான் மீளும் தூரம்."

"அப்படியென்றால் அது சம்மதிக்கவில்லை" என்றாள் ஒயானா.
"எதிர்க்கத் தெம்பில்லாத நேரம் பார்த்துப்
பிடித்திருக்கிறோம்."

அவர் சிரிக்கவில்லை.
"ஆறிய பிறகு அதை வளைத்துப் பாருங்கள்" என்றார்.

பார்த்தோம்.
பழைய அச்சுக்கு அது அசையவில்லை;
மூலையில் ஒரு பல் உடைந்தது, அச்சுக்கு.
முன்பு இருந்ததைவிட மூன்று மடங்கு முரடாகி,
நாங்கள் கொடுத்த வடிவத்தைத்
தன் பிறவிக்குணம்போல் காத்துக்கொண்டிருந்தது.

உலைக்கு எரிவாயு எவ்வளவு ஆனது என்று
ஹொசேபா காகிதத்தின் பின்புறம் கணக்குப் போட்டார்.
தொகையை எங்களிடம் காட்டவில்லை.

வெள்ளி மாலை எல்லாத் தகடுகளையும்
ஜன்னலோரம் வரிசையாக நிறுத்திவிட்டு
பட்டறையைப் பூட்டினேன்.

திங்கள் வந்து அளந்தேன்.
தொள்ளாயிரம் அப்படியே.
அறுநூறு அப்படியே.
சூடே காணாத முதல் தகடு மட்டும்
தொண்ணூற்றேழே கால்.

யாரும் தொடவில்லை.
இரண்டு இரவு, ஒரு ஞாயிறு, ஷிரிமிரி,
அவ்வளவுதான் நடந்தது.

பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன்.
அந்தக் காலை
எந்தப் பத்தியில் எழுத?