மூன்றரை மணி நேரம்

பெனிட்டா அக்காவின் ஃபோனுக்குள் ஒருத்தி படிக்கிறாள்.
முகம் கிடையாது.
ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு கை,
பேனா அழுத்திய நடுவிரலில் பிளாஸ்திரி.
கைக்காரி என்று நான்தான் பெயர் வைத்தேன்.

நமக்குப் பத்தரை என்றால் அவளுக்கு இரண்டு.
கொரியாவில் ப்ளஸ் டூ.
பள்ளிக்கூடத்திலேயே ராத்திரி பத்து வரை உட்கார்ந்து படிப்பார்களாம்,
அதற்கப்புறம் டியூஷனாம்,
அதற்கப்புறம் இந்த மேசையாம்.
எப்பதான் தூங்குவா என்றேன்.
கிளாஸ்ல என்றாள் அக்கா.

கொருக்குப்பேட்டை கேட்டை ஒட்டி எங்கள் வீடு, ஒரே அறை.
ட்யூப்லைட் அணைந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.
கைக்காரி எழுந்து போனால்தான் அக்கா அணைப்பாள்.
ஆக, என் தூக்கம் சியோலில் இருந்தது.

ஐம்பது நிமிஷம் படிப்பு, பத்து நிமிஷம் ஓய்வு.
அந்தப் பத்தில் அவள் ஆரஞ்சு உரிப்பாள்,
அக்கா விடிகாலைத் தண்ணி லாரிக்குக் குடம் எடுத்து வைப்பாள்.
ஒருநாள் கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு போனபோது
கைக்காரியின் பேனா அப்படியே நின்றது.
கேட்டுவிட்டதோ என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.
கேட்காது, தெரியும். எட்டாவது படிக்கிறேன்.

நவம்பரில் அவளுக்குப் பெரிய பரீட்சை, ஒரே நாளில் எல்லாம்.
இங்கிலீஷைக் காதால் கேட்டு எழுதும் அந்த நேரம் மட்டும்
ஒரு விமானம் ஏறாதாம், ஒன்று இறங்காதாம்.
ஹார்பரில் கண்டெய்னர் எண்ணுகிற அப்பா நம்பவில்லை.
"ஏரோப்ளேனையா? ஒரு புள்ளைக்காகவா?"
"ஒரு புள்ளைக்கு இல்லப்பா. எல்லாப் புள்ளைக்கும்."
அப்பா வெகுநேரம் பிசைந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை எங்களுக்கு மழை லீவு.
ராத்திரியே படியேறி வந்துவிட்டது தண்ணீர்,
கறுப்பாக, எண்ணெய் மினுமினுக்க.
உயிரியல் பரண்மேல், வேதியியல் பிரிட்ஜ்மேல்,
நாங்கள் கட்டில்மேல்.
அப்பா பக்கெட்டால் இறைத்தார், அம்மா சோற்றுக்குண்டானால்.
இறைத்தது சுற்றிக்கொண்டு பின்பக்கமாக வந்தது.

ஒன்பது முப்பத்தஞ்சுக்கு அக்கா கையைத் தூக்கினாள்.
"அங்க இப்ப ஒன்னு அஞ்சு. யாரும் சத்தம் போடாதீங்க."
பைத்தியமாடி என்று அம்மா வாயெடுப்பதற்குள்
அப்பா பக்கெட்டை மிதக்க விட்டுவிட்டுக்
கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்.

முப்பத்தைந்து நிமிஷம்.
கொரியாவில் ஒட்டுகிற மிட்டாய் கொடுப்பார்களாம்,
மார்க் ஒட்டிக்கொள்ளட்டும் என்று.
சட்டைப்பையில் நசுங்கிக் கிடந்த கமர்கட்டை
சார்ஜ் செத்த ஃபோன்மேல் வைத்தேன்.
தண்டவாளத்திலும் தண்ணீர். கூட்ஸ் நின்றிருந்தது.
படகு வருதா என்று ஜன்னலில் கத்தினார் மும்தாஜ் ஆன்ட்டி.
அப்பா உதட்டில் விரல் வைத்தார்.
ஏனென்று தெரியாமலே அவரும் வாயை மூடிக்கொண்டார்.
யாருடையதோ ஒற்றைச் செருப்பு
கட்டில் காலை முட்டி முட்டித் திரும்பியது.

பத்து பத்துக்கு மறுபடி இறைத்தோம்.

கைக்காரி அப்புறம் வரவேயில்லை.
என்ன மார்க்கோ. தூங்குகிறாளாக இருக்கும்.
ஃபோன் கண்ணாடியில் கமர்கட்டு ஒட்டிய வட்டம்
சுரண்டியும் போகவில்லை,
அதன் வழியாகத்தான் அக்கா இப்போது மணி பார்க்கிறாள்.

மார்ச்சில் அவளுக்குப் பரீட்சை.
நேற்று அப்பா வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வராமல்
கேட்கீப்பரிடம் நின்று ஏதோ விசாரித்துவிட்டு வந்தார்.
கூட்ஸுக்கு நேரமெல்லாம் கிடையாதாம்.