வியாழக்கிழமைத் தாள்

பச்சைத் தாள் தீர்ந்துவிட்டது,
இந்த வாரம் மஞ்சள்.
மழை நிற்கும் முன் அச்சடிக்கச் சொன்னார்கள்.
தென்தீவின் இந்தக் கரையில் மழை நிற்பதில்லை,
ஆகவே அவசரமில்லை.

கெட்ட சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன்:
மூன்றாம் அறையில் பேன்.
தயவுசெய்து தலையைப் பாருங்கள்,
பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தலையை அல்ல.

வெள்ளி காலை பூசை.
ஃபாதர் ஒபின்னா மூன்று பங்குக்கும் ஒரே காரில் ஓடுகிறவர்,
பாலத்தில் தண்ணீர் ஏறினால் வரமாட்டார்.
அப்போது டெஸ்மண்ட் செபமாலை சொல்லுவார்,
ஐம்பத்து மூன்று மணியையும்
புல் வெட்டுகிற வேகத்தில்.

புதுநன்மைக்கு எட்டுப் பேர்.
வெள்ளை உடை கட்டாயமில்லை என்று
மூன்றாம் தடவையாக எழுதுகிறேன்.
(ரொவேனா திமகுலாங்கன்,
விடியுமுன் முந்நூறு மாட்டுக்கு மெஷின் மாட்டுகிறவள்,
இரவில் உட்கார்ந்து நாலு கவுன் தைத்துவிட்டாள்.
யாருக்கு என்று எழுதக் கூடாதாம்.
எழுதவில்லை.)

கிடந்து எடுத்தவை:
ரப்பர் பூட்ஸ் ஒன்று, இடது கால்.
சாப்பாட்டு டப்பா, நான் திறந்து பார்த்துவிட்டேன்,
நீங்கள் பார்க்க வேண்டாம்.
ஒரு பல். உரியவர் அலுவலகத்துக்கு வரவும்.

வாசல் மாதா சொரூபத்தின் வலது கையில்
யாரோ கம்பளிக் கையுறை மாட்டியிருக்கிறார்கள்.
கழற்ற வேண்டாம். ஜூலை மாதம்.

வாரத்தின் நற்பண்பு: பொறுமை.
சான்றிதழில் பெயர் எழுதாமல்
மிஸஸ் ஹன்ராஹன் இரண்டு நாளாக வைத்திருக்கிறார்.
போன வாரம் சாந்தகுணத்துக்கு வாங்கியவன்
மறுநாளே ஒருத்தன் காதைக் கடித்தான்.

அப்புறம்,
சாசேஜ் விற்பனைக்கும் பஸ் நேரத்துக்கும் நடுவில்
நாலு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன்.

இறைச்சி ஆலையில் இரவு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள்.
ஃபாவுமுயினா வீட்டார் நாளை பிரிஸ்பேனுக்கு விமானம் ஏறுகிறார்கள்.
பிள்ளைகள் நாலு.
ஐம்பத்தொன்றில் நாலு போனால் என்ன என்று
முதல் வகுப்புக்கே தெரியும்.
ஐம்பதுக்குக் கீழே இறங்கினால்
மூன்றாவது டீச்சர் இருக்க மாட்டார் என்று
எனக்கும் மிஸஸ் ஹன்ராஹனுக்கும் தெரியும்.

'விடைபெறுகிறார்கள்' என்று தட்டினேன்.
அழித்தேன்.
'நன்றியுடன்' என்று தட்டினேன்.
திருப்பூட்டறை துடைத்ததற்கா,
கிறிஸ்துமஸில் கூரை கிழியப் பாடியதற்கா,
எதற்கென்று நாலு வரியில் எப்படி?

அப்போது கதவில் செஃபோ,
நாலில் மூன்றாவது,
சட்டைக்குள் நூலகப் புத்தகம், நனையாமல்.
"இதைக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள்."
மேசையில் வைத்தான். கையை எடுக்கவில்லை.
"இன்னும் பதினாலு பக்கம் இருக்கிறது."

காய்ச்சல் வந்தால் படுக்க வைக்கிற கட்டிலைக் காட்டினேன்.
ஷூவைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.
ஒரு சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே,
கதையில் ஏதோ நடக்கும்போதெல்லாம்
அந்த விரல் மட்டும் மடங்கி நிமிர்ந்தது.

மெதுவாகப் படிக்கிற பையன்.
உதட்டை அசைத்துப் படிக்காதே என்று
நாலு வருஷமாகச் சொல்லியிருக்கிறோம்.
இன்று யாரும் சொல்லவில்லை.

மிஸஸ் ஹன்ராஹன் உள்ளே எட்டிப் பார்த்தார்,
"தாள் தயாரா?"
"மெஷினில் காகிதம் சிக்கிக்கொண்டது."
கட்டிலைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார்.
"அது அடிக்கடி சிக்கும்" என்று சொல்லிக்
கதவை ஓசையில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.
சான்றிதழ் இன்னும் அவர் கையில்தான்.

பொய் சொன்னேன், உண்மைதான்.
ஃபாதர் பாலத்தைத் தாண்டி வந்தால்
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்பது பக்கம்.
வருகைப் பதிவேடு என் முன்னால் திறந்து கிடக்கிறது,
ஐம்பத்தொன்று.