ரம்ஸ் வரை

ஆறு மணிக்கு இரவுப் பணி முடிந்து
கையுறையைக் கழற்றினால்
விரல்கள் சுருங்கி
வேறு யாருடையவோ போல் இருக்கும்.
நாற்பத்தேழு ரத்தக் குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிய விரல்கள்.
அவற்றால்தான் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

சைக்கிள் நூற்றிருபது திர்ஹாம்.
ஊர் திரும்பிய நேபாளிக் காவலாளி விற்றுப்போனது.
சீட் எனக்கு உயரம். பெல் கிடையாது.
நாற்பது வயதில்
மருத்துவமனைக் கார் நிறுத்தத்தில்
மாரிவிக் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர
மூன்று வாரத்தில் கற்றேன்.
பிடியை எப்போது விட்டாள் என்று
இன்னும் சொல்ல மறுக்கிறாள்.

ஜனவரி. ராஸ் அல் கைமாவின் ரவுண்டானாக்களில்
புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாய் மட்டும்
விழித்துச் சீறிக்கொண்டிருந்தது.
கிழக்கே மலை கறுத்து நின்றது.
சூரியன் அதற்குப் பின்னால் எங்கோ,
ரவுண்ட்ஸுக்குத் தாமதமாக வரும் பெரிய டாக்டர் மாதிரி.

வற்றம்.
கடல் விட்டுப்போன சேற்றில்
கண்டல் மரங்களின் மூச்சுவேர்கள்
ஆயிரம் ஆயிரமாய் நிமிர்ந்து,
ரேக்கில் குத்திவைத்த பிபெட்டுகள் போல
என்று எழுத வருகிறது.
எனக்கே பிடிக்கவில்லை.
விடுமுறை நாளிலும் லேப் என்னை விடவில்லை.

பூநாரைகள் தலையைக் கவிழ்த்து
அலகால் சேற்றை அலசிக்கொண்டிருந்தன.
மாரிவிக் எண்ணினாள்: முப்பத்தொன்று.
நான்: இருபத்தெட்டு.
கணக்கு ஒத்துவராமல் ரிப்போர்ட் போகாது, மறுபடி எண்ணு
என்றேன்.
மறுபடி எண்ணுகையில் எழும்பிவிட்டன.
நின்றபோது வெளிறித் தெரிந்தவை
இறக்கைக்குள் அவ்வளவு சிவப்பை
மடித்து வைத்திருந்தன.

ரம்ஸில் நுழையும்போது வெயில்
முதுகில் கை வைத்திருந்தது.
நீலக் கதவுகள். ஒரு கதவின் முன் ஆடு,
உள்ளே விடச் சொல்லிக் கேட்பது போல.
கரையில் கம்பிக் கூடுகள்,
மீன் பிடிக்கும் கர்கூர்கள்,
கவிழ்த்த பானைகளாய் ஒன்றின்மேல் ஒன்று.
மாரிவிக் கரக் டீ தேடி முன்னால் போய்விட்டாள்.
என் முன்சக்கரம் ஒரு பெருமூச்சு விட்டு
அமர்ந்தது.

தமிழில் திட்டினேன்.
படகு நிழலிலிருந்து தமிழிலேயே பதில் வந்தது:
"டயர் என்ன செய்யும்,
கர்கூர் கம்பி ஏறியிருக்குக்கா."

ஜெர்சன். பாம்பன்.
ஷேரி என்று அவன் முதலாளி சொல்லும் மீனை
மனசுக்குள் விளமீன் என்றே
இரண்டு வருடமாக எண்ணிக்கொண்டிருப்பவன்.
டியூபைத் தண்ணீரில் அமுக்கினான்.
குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் மறித்தான்.
தன் கிழிந்த ரப்பர் கையுறையில்
ஒரு ரூபாய் அகலத்துக்கு வெட்டி ஒட்டினான்.
காசு வாங்கவில்லை.
"ஒரு ரவுண்டு ஓட்டிட்டுத் தரட்டா?"

போனான்.
பள்ளிவாசல் தாண்டிப் போனான்.
டீ வந்தது, ஆறியது.
மாரிவிக் என்னைப் பார்த்தாள்,
நான் ஆட்டைப் பார்த்தேன்.
நூற்றிருபது திர்ஹாம் போனால் போகட்டும் என்றேன்,
சொன்ன வேகத்திலேயே
பொய் என்று தெரிந்தது.

நாற்பது நிமிடம்.
சட்டை முதுகோடு ஒட்டி,
செருப்பை முன்கூடையில் போட்டு,
வெறுங்காலால் மிதித்து வந்தான்.
இறங்கியும் பிடியை விடாமல் நின்றான்.
"கடல்லருந்துதான் இந்த ஊரைப் பாத்துருக்கேன்.
பின்னாடி தெரு இவ்ளோ நீளமா போகுதுக்கா."
என்ன பார்த்தாய் என்று கேட்கவில்லை.
ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

திரும்பும்போது எதிர்காற்று.
ஏற்றம் வந்து வேர்கள் மூழ்கிவிட்டன,
இலைகள் மட்டும் தண்ணீர்மேல்.
இப்போ எப்படி மூச்சு விடும்? என்றாள் மாரிவிக்.
எனக்குத் தெரியாது.
எனக்கே மூச்சு வாங்கியது.

செவ்வாய்க்கிழமை பணிக்குப் போகுமுன்
முன்சக்கரத்தை அழுத்திப் பார்த்தேன்.
இறங்கவில்லை.